ஆம்ஸ்ட்ராங்கை எங்கிருந்து வழியனுப்பியிருக்க வேண்டும்?

2012 ஆகஸ்ட் 25, சனிக்கிழமை. நீல் ஆம்ஸ்ட்ராங் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தது. 82 வயது முடிந்து இருபதே நாள். அந்த மாதத் தொடக்கத்தில் இதயத்தில் பைபாஸ் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. அதன் பிறகு வந்த சிக்கல்களில் போய்விட்டார். தன் வேலையைச் செய்ததாக மட்டுமே எப்போதும் நினைத்தவர், நாயகன் என்ற பட்டத்தை விரும்பி ஏற்காதவர் என்று குடும்பத்தினர் அறிக்கை விட்டார்கள். அவருக்கு மரியாதை செய்ய நினைப்பவர்களிடம் அவர்கள் கேட்டது மிகச் சின்ன விஷயம். தெளிவான இரவில் வெளியே போகும்போது நிலா கண்ணில் பட்டால், அவரை நினைத்து ஒரு தடவை கண் சிமிட்டுங்கள்.

அமெரிக்காவில் பலருக்கு அது போதவில்லை. ஆம்ஸ்ட்ராங்கின் சொந்த மாநிலமான ஒஹையோவைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர் பில் ஜான்சன், அரசு இறுதிச்சடங்கு நடத்த வேண்டும் என்று வெளிப்படையாகவே கேட்டார். வேறு உலகத்தில் கால் வைத்த முதல் மனிதன். அவனை ஊர்வலமில்லாமல், தலைநகரத்துக்குக் கொண்டுவராமல் அனுப்பிவிடுவதா? நியாயமான கேள்விதான். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது.

இதைப் பேசுவதற்கு முன் ஒரு சொல் விளக்கம் வேண்டியிருக்கிறது. அரசு மரியாதை என்றவுடன் நம் மனதில் வருவது போலீஸ் அணிவகுப்பு, துப்பாக்கிக் குண்டு முழக்கம், மாவட்ட ஆட்சியர் வைக்கும் மலர்வளையம். பெரும்பாலும் இறந்தவரின் ஊரிலேயே நடக்கும். தமிழ்நாட்டில் 2023 முதல் உடல் உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச்சடங்குக்கும் இந்த மரியாதை உண்டு. தெருவில் நாலு பேருக்கு மட்டும் தெரிந்த மனிதராக இருந்தாலும் அரசு அவர் வீட்டுக்கு வந்து நிற்கும். அதாவது அரசு சாவு வீட்டைத் தேடி வருகிறது.

அமெரிக்காவின் அரசு இறுதிச்சடங்கு நேர் எதிர். அங்கே சாவு வீடு அரசைத் தேடிப் போக வேண்டும். பதவியிலிருக்கும் அதிபர், முன்னாள் அதிபர், தேர்வாகிப் பதவியேற்காத அதிபர் ஆகியோருக்கு அது உரிமை. மற்றவர்களுக்கு என்றால் அன்றைய அதிபர் பார்த்து அறிவிக்க வேண்டும். 1964ல் தளபதி டக்ளஸ் மெக்கார்தருக்கு அப்படி நடந்தது. ஏற்பாடு முழுவதும் வாஷிங்டன் ராணுவ மாவட்டத்தின் கையில் இருக்கும். உடல் தலைநகருக்குப் போகும். குதிரைகள் இழுக்கும் பீரங்கி வண்டி, நாடாளுமன்றம் கூடும் கேபிடல் கட்டிடத்தின் குவிமாடத்துக்குக் கீழே வட்டக் கூடத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பது, பேராலயத்தில் வழிபாடு, பிறகு அடக்கம். ஒரு வாரம் ஓடிவிடும். 2004ல் முன்னாள் அதிபர் ரேகன் கலிஃபோர்னியாவில் இறந்தார். உடலை வாஷிங்டனுக்குக் கொண்டுவந்து, திரும்ப அதே கலிஃபோர்னியாவுக்கு எடுத்துப் போய் சூரியன் மறையும் நேரத்தில் அடக்கம் செய்தார்கள். நாட்டின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போய் மீண்டும் பழைய கரைக்கு. கூடவே அவர் மனைவியும் பிள்ளைகளும், எல்லாம் கேமரா முன்னால்.

இதற்குக் கொஞ்சம் கீழே இன்னொரு வாசல் உண்டு. அதிபர் இல்லாமல், நாடாளுமன்றமே ஒருவரை அந்த வட்டக் கூடத்தில் வைக்கச் சொல்லலாம். பதவியோ ராணுவப் பட்டமோ இல்லாத தனி மனிதர்களுக்காக ஏற்பட்ட வழக்கம் இது. 1998ல் கேபிடலைக் காவல் காத்தபோது சுடப்பட்டு இறந்த இரண்டு போலீஸ்காரர்களை அங்கே வைத்தார்கள். அந்தக் காலத்தில் வெள்ளையருக்காகப் பேருந்து இருக்கையிலிருந்து எழ மறுத்த கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸை 2005ல் வைத்தார்கள். ஆகவே 'அவர் அதிபர் இல்லையே' என்ற காரணம் ஆம்ஸ்ட்ராங் விஷயத்தில் செல்லாது. இரண்டு வாசலும் திறக்கக்கூடியவைதான்.

சரி, திறந்திருக்க வேண்டுமா?

ஆம் என்பவர்களின் வாதங்களில் 'எவ்வளவு பெரிய சாதனை' என்பதுதான் அடிக்கடி காதில் விழும். எனக்கு அதுதான் பலவீனமானதாகப் படுகிறது. சாதனை எவ்வளவு பெரியது என்பதை வைத்து இறுதிச்சடங்கு எவ்வளவு பெரியது என்று முடிவு செய்தால், அளவுகோல் யார் கையில் என்ற சண்டை வந்துவிடும். அதைவிட வலுவான வாதம் ஆம்ஸ்ட்ராங்கின் வாயிலிருந்தே கிடைக்கிறது. மனிதனை நிலவுக்கு அனுப்பிய அப்போலோ திட்டத்தில் ஏறக்குறைய நாலு லட்சம் பேர் உழைத்தார்கள். இது என் ஒருவனுடைய வெற்றி இல்லை, அவர்களுடையது என்று அவர் வாழ்நாள் முழுக்கச் சொன்னார். 2005ல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், முதலில் இறங்குபவனாக என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை, அந்தப் பயணத்துக்குத் தலைவனாகத்தான் தேர்ந்தெடுத்தார்கள், மீதி சூழ்நிலை என்கிற பொருளில் பேசினார்.

அப்படியானால் அந்த நாலு லட்சம் பேருக்கும் ஒரு நாள் வேண்டாமா? விண்வெளி உடை தைத்த தையல்காரிகள், வெல்டர்கள், நிரல் எழுதியவர்கள், வரி கட்டியவர்கள். 1969ல் நியூயார்க்கில் காகித மழை பொழிந்தபோது ஊர்வலக் காரில் இருந்தது மூன்று பேர்தான். மற்றவர்கள் பட்டறையிலும் அலுவலகத்திலும் இருந்தார்கள். அவர்களில் உயிரோடு இருந்தவர்கள் 2012ல் எழுபது, எண்பது வயதில் இருந்தார்கள். வரிசையில் நின்று, வட்டக் கூடத்துக்குள் நடந்து, ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போவதற்கு அவர்களுக்கு ஒரு வாய்ப்பு கிடைத்திருக்கும். அவருடைய அடக்கத்தையே காரணம் காட்டி அரசு இறுதிச்சடங்கை மறுப்பவர்கள், அதே அடக்கம் எதிர்த் திசையிலும் இழுக்கும் என்பதைக் கவனிப்பதில்லை. 'என்னுடையது இல்லை, எல்லாருடையதும்' என்று ஒருவர் சொன்னால், கொண்டாடும் உரிமையும் எல்லாருக்கும் வந்துவிடுகிறது அல்லவா?

இந்த இடத்தில் நான் கொஞ்ச காலம் தடுமாறினேன். பிறகு ஒன்று தெளிவானது. அந்த உரிமை சாதனையின் மேல்தான். உடலின் மேல் இல்லை. இரண்டும் ஒன்றாகக் கலந்து கிடப்பதால்தான் இவ்வளவு குழப்பம்.

இனி எதிர்ப்பக்கம். ஆம்ஸ்ட்ராங்கைத் 'துறவி', 'உலகத்தை விட்டு ஒதுங்கியவர்' என்று எழுதுவார்கள். அது சரியில்லை. 1969ல் நிலவிலிருந்து திரும்பியதும் 38 நாள் உலகப் பயணம் போனார்; இருபதுக்கும் மேற்பட்ட நாடுகள், பம்பாய் உட்பட. நாசாவை விட்டு 1971ல் வெளியே வந்து சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் 1979 வரை விண்பொறியியல் பாடம் எடுத்தார். ஒஹையோவில் ஒரு பண்ணை வாங்கி வாழ்ந்தார். 2010ல் ஒபாமா அரசு நிலவுக்குத் திரும்பும் திட்டத்தைக் கைவிட்டபோது செனட் குழுவின் முன் நேரில் போய் அதை எதிர்த்துப் பேசினார். ஒதுங்கியவர் செய்கிற காரியமா இது? பேச வேண்டியபோது பேசினார். தன்னைக் காட்சிப்பொருளாக்குவது ஒன்றைத்தான் அவர் பொறுத்துக்கொள்ளவில்லை.

அதற்குக் காரணமும் இருந்தது. அவர் போட்ட கையெழுத்துகள் விற்பனைக்குப் போவதைப் பார்த்துவிட்டு 1994 வாக்கில் கையெழுத்துப் போடுவதையே நிறுத்தினார். 2005ல் அவருக்கு முடி வெட்டுகிறவர் வெட்டி விழுந்த முடியை ஒரு சேகரிப்பாளருக்கு 3,000 டாலருக்கு விற்றுவிட்டார். ஆம்ஸ்ட்ராங் வழக்குப் போடுவேன் என்றார். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் தரையில் விழுந்த தன் முடியையே பிறர் கையில் விட விரும்பாத ஒருவரின் உடலை, தேசியக்கொடி போர்த்தி, இரவும் பகலும் ஆயிரக்கணக்கானவர்கள் சுற்றிவரும் மேடையில் வைப்பதை எந்த மனைவி ஒப்புக்கொள்வார்? அவருக்குத் தேவையான பதில் அந்த முடிக்கதையிலேயே கிடைத்திருக்கும்.

வெளியே அதிகம் பேசப்படாத காரணம் ஒன்றும் உண்டு: தேர்தல். 2012 அதிபர் தேர்தல் ஆண்டு. ஆம்ஸ்ட்ராங் இறந்து இரண்டே நாளில் டாம்பாவில் குடியரசுக் கட்சி மாநாடு. அடுத்த வாரம் சார்லட்டில் ஜனநாயகக் கட்சி மாநாடு. ஆகஸ்ட் 30 அன்று குடியரசுக் கட்சியின் மிட் ராம்னி அதிபர் வேட்பாளராக நிற்க ஒப்புக்கொண்டு பேசும்போது ஆம்ஸ்ட்ராங் பெயரையும் இழுத்தார். இந்தச் சமயத்தில் அரசு இறுதிச்சடங்கை அறிவிக்க வேண்டியவர் ஒபாமா. எந்தத் திட்டத்தை அவர் நிறுத்தினாரோ அதற்காக அவரை எதிர்த்துச் சாட்சி சொன்னவருக்கு! அறிவித்திருந்தால் 'ஓட்டுக்காக' என்பார்கள். அறிவிக்காவிட்டால் 'பழிவாங்கல்' என்பார்கள். சவப்பெட்டியின் இரண்டு பக்கமும் இரண்டு கட்சிக்காரர்கள் நிற்கும் படம் முதல் பக்கத்தில் வந்திருக்கும். நம் ஊரில் இதைப் பார்க்காதவர்கள் யார்? அரசு இறுதிச்சடங்கு அரசியலுக்கு அப்பாற்பட்டது என்று எழுதிவைக்கலாம். ஆனால் அதை அறிவிக்கும் கை ஓர் அரசியல்வாதியின் கைதான்.

நடைமுறைச் சிக்கலும் உண்டு. அதிபர்கள் உயிரோடிருக்கும்போதே தங்கள் இறுதிச்சடங்கைத் திட்டமிட்டுவிடுகிறார்கள்: எந்தப் பாட்டு, யார் பேசுவது, எந்த வழி. தனி மனிதனாக வாழ்ந்தவருக்கு அப்படி ஒரு கோப்பு இருக்காது. ஆம்ஸ்ட்ராங் நோயில் கிடந்து மெல்லப் போனவர் இல்லை. அறுவை சிகிச்சைக்குப் போனவர் வீடு திரும்பவில்லை. அந்த நிலையில் ஒரு குடும்பத்திடம் போய் ஒரு வார அரசு நிகழ்ச்சிக்கு நேரம் குறிக்கச் சொல்வது எப்படி இருக்கும்? சாவு விழுந்த வீட்டில் முதல் நாளே ஆயிரம் முடிவு எடுக்க வேண்டியிருக்கும். அதில் பாதியை ராணுவ அதிகாரிகளோடு உட்கார்ந்து எடுப்பது வேறு.

முழு அரசுச் சடங்கு ஒரு கோடி என்றால், மறு கோடியில் லிண்ட்பெர்க் இருக்கிறார். அட்லாண்டிக்கைத் தனியாக விமானத்தில் தாண்டிய அதே சார்லஸ் லிண்ட்பெர்க். ஆம்ஸ்ட்ராங்குக்கு அவர் பழக்கமானவர். கையெழுத்துப் போடாதே என்று அந்தக் காலத்திலேயே எச்சரித்தவரும் அவர்தான். 1974ல் தன் நோய் குணமாகாது என்று தெரிந்ததும் நியூயார்க் மருத்துவமனையிலிருந்து ஹவாய்த் தீவுக் கூட்டத்தின் மாவியில் இருந்த தன் வீட்டுப் பக்கம் போய்விட்டார். சவப்பெட்டி எந்த மரத்தில், என்ன உடை, எந்தக் கல்லறை என்று எல்லாவற்றையும் அவரே சொல்லி முடித்தார். ஆகஸ்ட் 26 காலையில் இறந்தார். அன்றைக்கே கீபஹூலுவில் ஒரு சின்னத் தேவாலயத்தின் அருகே அடக்கம் முடிந்தது. உலகம் செய்தி கேட்டுத் திரும்பிப் பார்ப்பதற்குள் மண் மூடியாயிற்று. லிண்ட்பெர்க்குக்கு அது பொருந்தும். தன் குழந்தை கடத்திக் கொல்லப்பட்ட வழக்கில் பத்திரிகைக் கூட்டம் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அவர் அனுபவித்தவர். ஆனால் இந்த வழியில் ஊருக்கு எதுவுமே மிஞ்சுவதில்லை. ஆம்ஸ்ட்ராங்குக்கு அது கொஞ்சம் கடுமையாகவே இருந்திருக்கும். அவர் மக்களை வெறுத்தவர் இல்லையே.

குடும்பம் ஒன்று நினைக்க, தேசம் வேறொன்று செய்துவிட்ட கதையும் இருக்கிறது. எனக்கு மிகவும் உறுத்துவது அதுதான். 1882 ஏப்ரலில் சார்லஸ் டார்வின் இறந்தபோது, அவர் நாற்பது வருடம் வாழ்ந்த டவுன் என்ற கிராமத்துத் தேவாலய முற்றத்தில்தான் அடக்கம் என்று குடும்பம் நினைத்திருந்தது. கிராமத்துத் தச்சர் ஒருவர் எளிய சவப்பெட்டி ஒன்றும் செய்துவைத்திருந்தார். அதற்குள் லண்டனில் டார்வினின் விஞ்ஞான நண்பர்கள் இறங்கிவிட்டார்கள். இருபது நாடாளுமன்ற உறுப்பினர்கள் கையெழுத்திட்ட மனு போனது. வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் இடம் கிடைத்தது. எளிய பெட்டி திரும்பிப் போனது. பளபளப்பான இன்னொன்று வந்தது. ஏப்ரல் 26 அன்று நியூட்டனின் கல்லறைக்குப் பக்கத்தில் எல்லா மரியாதைகளோடும் அடக்கம். எம்மா டார்வின் வரவில்லை. நாற்பத்து மூன்று வருட மனைவி, டவுன் வீட்டிலேயே இருந்துவிட்டார்.

விஞ்ஞானத்துக்கு அந்த அடக்கம் செய்த நன்மையை நான் மறுக்கவில்லை. மதத்தோடு மோதியவர் என்று பெயரெடுத்தவரை நாட்டின் முதன்மைத் தேவாலயத்தில் வைத்தது பெரிய விஷயம்தான். ஆனால் எம்மா வராத அந்தச் சடங்கு யாருடையது? டார்வினுடையது இல்லை. ஹக்ஸ்லி, கால்டன் என்று அந்த விஞ்ஞான நண்பர்களின் வெற்றி விழா அது.

இரண்டு கோடிகளுக்கும் நடுவே ஒரு பாதை உண்டு. அது பழைய பாதையும்கூட. ஆங்கில நாவலாசிரியர் டிக்கன்ஸ் தன் உயிலில் ஆடம்பரம் வேண்டாம், தனிப்பட்ட முறையில் அடக்கம் செய்யுங்கள், நேரத்தையும் இடத்தையும் அறிவிக்காதீர்கள் என்று எழுதியிருந்தார். 1870 ஜூனில் அவரையும் வெஸ்ட்மின்ஸ்டர் அபேக்குத்தான் கொண்டுபோனார்கள். ஆனால் காலையில், விரல்விட்டு எண்ணக்கூடிய உறவினரோடு, சொல்லாமல் கொள்ளாமல். முடிந்த பிறகுதான் செய்தி பரவியது. கல்லறையைச் சில நாள் மூடாமல் விட்டுவைத்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் வந்து பூப்போட்டுவிட்டுப் போனார்கள். குடும்பத்துக்கு அடக்கம், மக்களுக்குக் கல்லறை. உயில் சொன்னதும் நடந்தது, மக்கள் கேட்டதும் கிடைத்தது.

இதையே இன்னும் தெளிவாகச் செய்தவர் டி கோல். அவர் தனிப்பட்ட மனிதர் இல்லை, பிரான்ஸின் முன்னாள் அதிபர். ஆனாலும் 1952லேயே எழுதிவைத்துவிட்டார்: அடக்கம் கொலோம்பே கிராமத்தில், அதிபர்கள், அமைச்சர்கள் வர வேண்டாம், பட்டம், பதக்கம் எதுவும் வேண்டாம், ராணுவம் மட்டும் எளிமையாகக் கலந்துகொள்ளலாம், கல்லில் பெயரும் வருடங்களும் போதும். 1970 நவம்பர் 12 அன்று இரண்டு சடங்குகள் நடந்தன. பாரிஸின் நோத்ர் தாம் பேராலயத்தில் உலகத் தலைவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அங்கே உடல் இல்லை. கொலோம்பேயில் கிராமத்துத் தச்சர் செய்த பெட்டியில், டவுன் நோய்க்குறி என்ற பிறவிக் குறைபாட்டோடு பிறந்து இருபது வயதில் இறந்துபோன மகள் ஆன் பக்கத்தில் அவரை வைத்தார்கள். நிக்சனும் மற்றவர்களும் தங்கள் மரியாதையைச் செலுத்தினார்கள், ஆனால் அவர்களால் அந்தக் கல்லறையருகே போட்டோவுக்கு நிற்க முடியவில்லை.

அமெரிக்காவிலும் இதற்கு முன்னுதாரணம் உண்டு. 1972 டிசம்பரில் முன்னாள் அதிபர் ட்ரூமன் இறந்தபோது மனைவி பெஸ் வாஷிங்டன் வேண்டாம் என்றார். மிசூரியில் அவர் ஊரிலேயே, அவர் நூலக முற்றத்தில் அடக்கம் நடந்தது. ஒரு வாரம் கழித்து, 1973 ஜனவரி 5 அன்று வெளிநாட்டுப் பிரமுகர்களுக்காக வாஷிங்டன் தேசியப் பேராலயத்தில் தனியாக ஒரு நினைவு வழிபாடு நடந்தது.

ஆம்ஸ்ட்ராங் குடும்பம் தேர்ந்தெடுத்ததும் ஏறக்குறைய இதுதான். ஒரு படி கூடுதலாகவே. ஆகஸ்ட் 31 அன்று சின்சினாட்டி அருகே இந்தியன் ஹில்லில் உறவினர்களும் நண்பர்களும் மட்டும் கூடினார்கள். செனட்டர் ராப் போர்ட்மன் அஞ்சலி உரை நிகழ்த்தினார், பழைய நண்பராக. அன்று அந்த மாதத்தின் இரண்டாவது பௌர்ணமி, யாரும் திட்டமிட்டதில்லை. ஒபாமா தேசியக்கொடிகளை அரைக்கம்பத்தில் இறக்க உத்தரவிட்டிருந்தார். அதாவது அரசு தன் இடத்தில் நின்றபடியே தலை குனிந்தது, வீட்டுக்குள் நுழையவில்லை.

செப்டம்பர் 13 அன்று பொது நினைவு வழிபாடு, அதே வாஷிங்டன் தேசியப் பேராலயத்தில். ஐசன்ஹோவர், ரேகன், ஃபோர்டு ஆகியோரின் அரசுச் சடங்குகள் நடந்த இடம். கூடவே, ஆம்ஸ்ட்ராங்குக்கு அங்கே சொந்தமாக ஒரு தொடர்பும் இருந்தது. அந்தப் பேராலயத்தின் வண்ணக் கண்ணாடி ஜன்னல் ஒன்றில் நிலாக் கல் பதித்திருக்கிறார்கள். 1974ல் அப்போலோ 11 குழு கொடுத்தது. அந்தக் குழுவில் இருந்த மைக்கேல் காலின்ஸ் ஜெபம் நடத்தினார். நிலவில் கடைசியாக நடந்த ஜீன் செர்னன் பேசினார். ஆம்ஸ்ட்ராங்கோடு நிலவில் நடந்த ஆல்ட்ரினும், பூமியை வலம் வந்த முதல் அமெரிக்கரான ஜான் க்ளென்னும் வந்திருந்தார்கள். பொதுமக்களுக்கும் கொஞ்சம் இடம் ஒதுக்கியிருந்தார்கள். மற்றவர்களுக்கு நாசா தொலைக்காட்சி நேரடியாகக் காட்டியது. உடல் இல்லை. பீரங்கி வண்டியும் இல்லை.

மறுநாள் அட்லாண்டிக்கில் 'பிலிப்பைன் சீ' என்ற போர்க்கப்பலிலிருந்து அஸ்தியைக் கடலில் இறக்கினார்கள். நிலவுக்குப் போவதற்கு வெகு நாள் முன்னால் அவர் கடற்படை விமானி. கொரியப் போரில் 78 தடவை போர்விமானத்தில் பறந்தவர். கடலடக்கம் என்பது அமெரிக்கக் கடற்படையில் கௌரவமாகப் பணி முடித்த எந்தச் சாதாரண வீரனும் கேட்டுப் பெறக்கூடியது. இதில் அவருக்குக் கிடைத்த சலுகை, குடும்பம் கப்பலில் கூட இருந்ததுதான். பொதுவாகக் கப்பல் பணியில் போகும் வழியில் இதைச் செய்வார்கள், குடும்பம் கரையில் காத்திருக்கும். துப்பாக்கிகள் மூன்று முறை முழங்கின. மடித்த கொடியை மனைவி கேரலிடம் கொடுத்தார்கள்.

என் கட்சி இதுதான். ஆம்ஸ்ட்ராங் விஷயத்தில் அரசு இறுதிச்சடங்கை விட, லிண்ட்பெர்க் வழியை விட, இந்த மூன்று நாள் ஏற்பாடு மேல். அவரவருக்கு உரியது அவரவரிடம் போய்ச் சேர்ந்தது. உடல் குடும்பத்துக்கு, நினைவு நாட்டுக்கு, அஸ்தி அவர் முதலில் சேர்ந்த படைக்கு.

ஆனால் இதைக் குறையில்லாத ஏற்பாடு என்று சொல்ல மாட்டேன். இறந்ததற்கும் பொது வழிபாட்டுக்கும் நடுவில் 19 நாள் ஓடிவிட்டது. செப்டம்பர் 11 இரவு லிபியாவின் பென்காசியில் அமெரிக்கத் தூதர் கொல்லப்பட்டார்; அந்த வாரச் செய்தி முழுக்க அதுதான். பேராலயத்தில் நடந்தது பலருக்குத் தெரியாமலே போயிருக்கும். அப்புறம், கல்லறை இல்லை. கடலில் போய் எங்கே பூப்போடுவது? வாபகோனெட்டாவில் அவர் பிறந்த ஊரில் 1972லிருந்து அவர் பெயரில் ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே முதல் வாரத்திலேயே ஒரு நாள், ஒரே ஒரு நாள், குடும்பத்தின் பெயரால் அறிவித்து, நாலு லட்சம் பேரில் மிஞ்சியிருந்தவர்களை வரச் சொல்லியிருக்கலாம். உடல் அங்கே இருக்க வேண்டியதில்லை. ஒரு குறிப்புப் புத்தகமும் ஒரு படமும் போதும். அரசு இறுதிச்சடங்குக்காக முன்பு சொன்ன அந்த வலுவான வாதம் இருந்ததே, அதற்கு இங்கே பதில் கிடைத்திருக்கும்.

இதை எல்லாருக்கும் பொது விதியாக்க முடியாது என்பதற்கு ஜான் க்ளென் இருக்கிறார். அதே ஒஹையோ, அதே தொழில். ஆனால் அவர் 24 வருடம் செனட்டர், ஒரு தடவை அதிபர் வேட்பாளராக நிற்கவும் முயன்றவர். கூட்டம் அவருக்கு வேலையிடம். 2016 டிசம்பரில் இறந்தபோது உடலை கொலம்பஸில் மாநிலச் சட்டமன்றக் கட்டிடத்தில் வைத்தார்கள். மறுநாள் ஒஹையோ அரசுப் பல்கலைக்கழகத்தில் பொது அஞ்சலி. அடக்கம் நாலு மாதம் கழித்து ஆர்லிங்டனில், ஏப்ரல் 6ல், அவருக்கும் மனைவி ஆனிக்கும் கல்யாண நாளில். இதில் எதுவும் அவருக்கு ஒட்டாததாக இல்லை. வரிசையில் வந்தவர்களோடு அவர் உயிரோடிருந்தபோதே கை குலுக்கியிருப்பார்.

சோவியத் யூனியனின் யூரி காகரின் கதை வேறு. அங்கே கேள்வியே எழவில்லை. 1968 மார்ச் 27 அன்று விமான விபத்தில் 34 வயதில் இறந்தார், மூன்றாம் நாள் அஸ்தி கிரெம்ளின் சுவருக்குள். அவர் நினைவாக ஒரு பதக்கத்தை அடுத்த வருடம் ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலவில் விட்டுவிட்டு வந்தார்கள். அது இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

2011 நவம்பரில், அதாவது இறப்பதற்கு ஒன்பது மாதத்துக்கு முன், ஆம்ஸ்ட்ராங் அதே கேபிடல் வட்டக் கூடத்துக்கு வந்திருந்தார். ஆல்ட்ரின், காலின்ஸ், க்ளென் ஆகியோரோடு சேர்ந்து நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கம் வாங்கினார். தன் காலில் நடந்து வந்தார், பேசினார், வீட்டுக்குப் போனார். அந்தக் கூடத்தில் அவரை நாடு நேரில் பார்த்தாயிற்று. எனக்கு அது போதுமென்றே படுகிறது.

நிலவில் நடந்த பன்னிரண்டு பேரில் பெரும்பாலானவர்கள் இப்போது இல்லை. மிச்சமிருப்பவர்களுக்கும் ஒரு நாள் இதே கேள்வி வரும். மறுபடியும் யாராவது ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் கடிதம் எழுதுவார். அதற்குள் அவர்களிடமே கேட்டு, டி கோல் எழுதிவைத்ததுபோல ஒரு பக்கம் எழுதி வாங்கி வைத்திருந்தால், அந்தக் கடிதத்துக்குப் பதில் தயாராக இருக்கும்.